எண்ணெய் குடித்த மரகதமும் செசிலியின் மூன்றாவது ஓலையும்

போன மாதம் கீழக்கரைக்குப் போனபோது, நான் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்த கல் கடைக்குள் எட்டிப் பார்த்தேன். முதலாளியின் பேரப்பிள்ளைகள் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். இப்போதெல்லாம் ஒவ்வொரு கல்லோடும் ஒரு சான்றிதழ் வருகிறது. லேமினேஷன் போட்டு, கல்லின் போட்டோ வைத்து, நம் ரேஷன் கார்டைவிட நன்றாக இருக்கிறது. ஒரு மரகதத்தின் சான்றிதழை வாங்கிப் படித்தேன். அதில் ஒரு வரி: "எண்ணெய்: சிறிதளவு உண்டு." டீ புரையேறிவிட்டது. தலையில் தட்டி, தண்ணீர் கொடுத்து, "என்ன மாமா ஆச்சு?" என்று பதறினார்கள். அந்த ஒரு வரியை வெளியே சொல்லாமல் இருப்பதற்காக நான் ஒரு காலத்தில் பட்ட பாட்டைச் சொன்னேன். "எழுதிக் குடுங்க மாமா" என்றார்கள். எழுதுகிறேன். முதலாளி மவுத்தாகி வெகுகாலம் ஆகிவிட்டதால் பயமில்லாமல் எழுதலாம்.

பதினாறு வயதில் சேர்ந்தேன். முதல் மூன்று வருஷம் கல்லைத் தொடவில்லை, கடையைப் பெருக்கினேன். கல் கடையில் பெருக்குவது சாதாரண வேலை இல்லை. குப்பையைக் கொட்டக்கூடாது. சலிக்க வேண்டும், சலித்ததைத் தண்ணீரில் கரைத்து வடிகட்ட வேண்டும், வடிகட்டியதை வெயிலில் காயவைத்து விரலால் துழாவ வேண்டும். அந்த மூன்று வருஷத்தில் நான் கண்டுபிடித்தவை: ஏழு நீலக்கல் பொடிசுகள், எண்ணற்ற பல்லி முட்டை ஓடுகள், ஒரு வாடிக்கையாளரின் கடைவாய்ப் பல். பல்லை முதலாளி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "சொத்தை" என்று தீர்ப்புச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு சாமணம் கைக்கு வந்தது. கல்லைப் பிடிக்கும் சின்ன இடுக்கிதான் சாமணம். காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரைதான் கல் பார்ப்பது. வடக்கு ஜன்னல், வெள்ளைத் துணி, வயிற்றில் வெறும் டீ. முதலாளி பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கல்லைத் துணியில் வைத்து, "வாங்க, வாங்க" என்பார். கல்லுக்கு மரியாதை உண்டு. எங்களுக்கு "ஏலே" தான். கல்லைத் திருப்புவதற்கு முன் "கொஞ்சம் திரும்புறீகளா?" என்று அதனிடமே கேட்பார். என்னிடம் அவர் பேசியது பெரும்பாலும் "ம்" தான். குட்டையான "ம்" என்றால் கல் தேறும். இழுத்த "ம்" என்றால் தேறாது. தொண்டையைச் செருமிக்கொண்டு "ம்" என்றால் டீ வேண்டும். முதல் வருஷம் இது பிடிபடாமல் நல்ல கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு டீ கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன்.

மரகதம் இலங்கைச் சரக்கு இல்லை. நீலமும் கோமேதகமும் தனுஷ்கோடி கப்பலில் வரும். மரகதம் எங்கோ மேல்நாட்டில் விளைந்து பம்பாய் சுற்றி வரும். அதில் குறை இல்லாத கல் என்று ஒன்று கிடையாது. உள்ளே முடிமுடியாகக் கீறல் இருக்கும். அதனால் அதை ஒரு மர எண்ணெயில் ஊறப்போடுவோம். வெதுவெதுப்பான சூட்டில் இரண்டு நாள். எண்ணெய் கீறலுக்குள் இறங்கிவிட்டால் கீறல் கண்ணுக்குத் தெரியாது, கல் பாசிக்குளம் மாதிரிப் பச்சையாக நிற்கும். உலகம் பூராவும் இப்படித்தான் செய்தார்கள், இதில் மோசடி ஒன்றும் இல்லை. ஆனால் முதலாளிக்கு அதைச் சொல்லக் கூச்சம். "பொம்பளைக தலைக்குத் தேய்க்கிற எண்ணெயக்கூட வெளிய சொல்றது இல்லலே. கல்லு தேய்க்கிறதச் சொல்லுவாகளா?" என்பார். கடை வாசலுக்கு வெளியே எண்ணெய் என்ற வார்த்தை வரக்கூடாது என்பது உத்தரவு. என் உம்மா நல்லெண்ணெய் வாங்கி வரச் சொன்னால்கூட நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் கேட்பேன்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒருநாள் கடைக்கு ஒரு சாமியார் வந்தார். கிழக்கே பஸ்ஸில் போய், இறங்கி, மணலில் ஒரு மணி நேரம் நடந்தால் வரும் கிறிஸ்தவ மீனவர் ஊரின் பங்குச் சாமியார். ஊர்ப் பேரைச் சொல்ல மாட்டேன், அங்கே பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். அவர்கள் கோயில், பன்னிரண்டு அப்போஸ்தலர்களில் ஒருவரான அருளப்பரின் கோயில். ஊர் வலைக்காரர்கள் சேர்ந்து அருளப்பர் சுரூபத்தின் கழுத்துக்கு ஒரு தங்கச் சிலுவை செய்து போடப் போகிறார்கள். நடுவில் ஒரு கல் வேண்டும். மரகதம்தான் வேண்டும் என்றார் சாமியார்.

"மாணிக்கம் எடுப்பா இருக்குமே சாமி?" என்றார் முதலாளி.

சாமியார் அதற்காகவே காத்திருந்தவர் போல ஆரம்பித்தார். மெலிந்த மனிதர், பேச ஆரம்பித்தால் இரண்டு கையும் கூடப் பேசும். அருளப்பர் கண்ட காட்சியில் கடவுளின் சிம்மாசனத்தைச் சுற்றி ஒரு வானவில் இருந்ததாம், பார்வைக்கு மரகதம் போல. பரலோகப் பட்டணத்து மதிலின் அஸ்திவாரத்தில் பன்னிரண்டு விதக் கல், அதில் நாலாவது மரகதம். பன்னிரண்டு அப்போஸ்தலர்களுக்கும் ஆளுக்கொரு கல் என்று பழைய வேதசாஸ்திரிகள் பிரித்துக் கொடுத்தபோது அருளப்பருக்கு விழுந்தது மரகதம். பச்சை என்றால் நம்பிக்கை, வாடாத விசுவாசம், மாசில்லாத கற்பு. அதனால்தான் மேல்நாட்டில் பெரிய பெரிய குருமார்கள் மோதிரத்தில் மரகதம் வைத்தார்கள் என்றார்.

முதலாளி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அஸ்திவாரத்துல போட்டுட்டா யாரு சாமி பாப்பா? வாசல்ல வைக்கக்கூடாதா?" என்றார்.

"வாசல் பன்னிரண்டும் முத்து, பாய்."

முதலாளியின் முகம் மலர்ந்துவிட்டது. "முத்துன்னா நம்ம ஊருச் சரக்குல்ல" என்று என்னைப் பார்த்தார். அன்று சாமியாருக்குக் கடையிலேயே நல்ல கல் கிடைத்தது. குட்டையான "ம்" வாங்கிய கல். நான்தான் அதை எண்ணெயில் ஊறப்போட்டேன், நான்தான் துடைத்தேன், ஆசாரி சிலுவையில் பதித்ததும் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கொடுத்த அன்று கோயிலில் பூசை. நான் கொடிமரத்துக்குப் பக்கத்தில் நிழலில் நின்று பிரசங்கம் கேட்டேன். கடையில் சொன்ன அத்தனையையும் சாமியார் சொன்னார். ஜனம் கொட்டாவி விட்டது. அதைப் பார்த்த அவருக்கு ரோஷம் வந்திருக்க வேண்டும், படித்ததில் காரமான ஒன்றை எடுத்து விட்டார். "கற்பு தவறினவர்கள் தொட்டால் மரகதம் தானாக வெடிக்கும் என்று அந்தக் காலத்து ஐரோப்பாவில் சொல்லுவார்கள்." கொட்டாவி அத்தனையும் நின்றுபோனது. சிம்மாசனம், வானவில், அஸ்திவாரம் எல்லாவற்றையும் அந்த ஊர் அன்றைக்கே மறந்தது. இதை மட்டும் மறக்கவில்லை.

அடுத்த வருஷத் திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சாமியாருக்கு உதவியாகக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் கடைக்கு ஓடி வந்தார். மூச்சு வாங்க, "கல்லு வெடிச்சிருச்சு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் தொடல" என்றார்.

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு மருந்துக் குப்பியில் எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார். "போயி சரி பண்ணிட்டு வாலே. அந்த வார்த்த மட்டும் வாயில வரக்கூடாது." குப்பியை இடுப்பில் செருகிக்கொண்டு செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தேன்.

ஊரில் வயசானவர்களைத் தவிர ஆம்பளைகளே இல்லை. வழக்கமாகப் பாதிப் பேர் கரையில் சீட்டாடுகிற நாளில் அத்தனை படகும் கடலில் கிடந்தன. கல்லைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிவிடுவார்களோ என்று பயம். சாமியார் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார். சிலுவையை வாங்கிப் பார்த்தேன். பாவம், கல் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கீறல் ஓடி, பச்சைத் தண்ணீரில் நரைமுடி போட்டது மாதிரி இருந்தது.

"யாரு சாமி கடைசியாத் தொட்டது?"

"செசிலி" என்றார்.

செசிலி இருபது வயதுப் பெண். கோயில் துணிமணி துவைப்பது, பீடத்து விரிப்பு தைப்பது அவள் வேலை. திருவிழாவுக்காகச் சிலுவையைக் கழுவியிருக்கிறாள். எப்படிக் கழுவினாய் என்று கேட்டேன். "மூக்குத்தி, தோடு எல்லாம் எப்பிடிக் கழுவுவோமோ அப்பிடித்தான். பூந்திக்கொட்டையத் தட்டிப் போட்டு ரெண்டு கொதி விட்டேன்" என்றாள். எனக்கு விளங்கிவிட்டது. கொதிநீரில் பூந்திக்கொட்டை நுரை எண்ணெயை ஒரு சொட்டு விடாமல் உருவி எடுத்துவிட்டது. அந்தக் கடற்கரையில் எந்தப் பெண்ணும் அதையேதான் செய்திருப்பாள், சொல்லிக் கொடுக்காதது எங்கள் தப்பு.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. செசிலிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை சந்தியாகு, சொந்தப் படகு வைத்திருக்கிறவன். கிறிஸ்தவர்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை படிப்பார்கள், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று. இரண்டு ஓலை படித்தாயிற்று. வரும் ஞாயிறு மூன்றாவது. கல் வெடித்த அன்றே சந்தியாகின் தாயார் பிரகாசியம்மாள் சாமியாரிடம் வந்து, அந்த ஓலையைப் படிக்க விடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "கல்லே சொல்லிருச்சு சாமி. நான் வேற தனியா சொல்லணுமா?" என்றாளாம். ஓலை நின்றால் அந்தப் பெண்ணை அப்புறம் யார் கட்டுவார்கள்?

செசிலி அழவில்லை. "பாய், நான் ஒரு தப்பும் பண்ணல" என்று ஒரே தடவைதான் சொன்னாள். இது வெறும் எண்ணெய் அம்மா என்று அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதலாளியின் முகம் முன்னால் வந்து நின்றது. கல்லைச் சரிசெய்துவிட்டால் பேச்சு தானாக அடங்கிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சாமியார் வீட்டு அடுப்படியில் இடம் கேட்டேன். கல்லுக்குக் காற்று படக்கூடாது, ஆள் வரக்கூடாது என்று என்னென்னவோ அளந்தேன். கங்கின் மேல் சாம்பலைத் தூவி, பித்தளைக் கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி, சிலுவையை அப்படியே இறக்கினேன். விரலை விட்டால் பொறுக்கிற சூடுதான் இருக்க வேண்டும், ஏறினாலும் இறங்கினாலும் கெட்டது. இரண்டு நாள் விரலை விட்டு விட்டு எடுத்ததில் என் விரல் பளபளவென்று ஆகிவிட்டது. வியாழக்கிழமை காலையில் எடுத்துத் துடைத்தால் கல் புதுப்பெண் மாதிரி இருந்தது. யாரிடமும் சொல்லாமல் கோயில் பெட்டியில் வைத்துவிட்டு, கை கால் கழுவப் போனேன்.

அங்கேதான் என் புத்தி பிசகியது. நான் கிணற்றடியில் இருக்கும்போதே கோயில் மணி விடாமல் அடித்தது. உபதேசியார் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டார். "புதுமை! புதுமை!" என்று ஊரே ஓடுகிறது. அற்புதத்தை அவர்கள் புதுமை என்பார்கள். வெடித்த கல் தானாக ஒட்டிக்கொண்டது, செசிலி மாசில்லாதவள் என்று வானத்திலிருந்தே சாட்சி வந்துவிட்டது. அரைமணி நேரத்தில் அவள் வீட்டு வாசலில் கூட்டம். காய்ச்சல் பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். பால் வற்றிய ஆட்டைக் கொண்டுவந்தார்கள். ஒருவர் ஓட்டை விழுந்த வலையைக் கொண்டுவந்து, "ஒரு தடவ தடவி விடும்மா" என்று நின்றார். அவள் ஊசியை எடுத்துத் தைத்துக் கொடுத்தாள். அதையும் புதுமைக் கணக்கில் சேர்த்தார்கள்.

சரி, கல்யாணப் பிரச்சினை தீர்ந்தது என்று நான் நினைத்தேன். பிரகாசியம்மாள் வந்தாள். செசிலியின் முன்னால் முழங்கால் போட்டாள். பிறகு எழுந்து சாமியாரிடம், "ஓலைய நிப்பாட்டிருங்க சாமி" என்றாள்.

"இன்னும் என்னம்மா?"

"புனிதைய வீட்டுல வச்சுக்கிட்டு நான் எப்பிடிக் குடும்பம் நடத்துறது? கருவாட்டக் காயப்போடுன்னு சொல்ல முடியுமா? குழம்புல உப்பு கூடிப்போச்சுன்னு ஒரு வார்த்த வைய முடியுமா? எம் மகன் அவ பக்கத்துல படுத்தா பாவம் வந்துராதா?"

கூட்டம் தலையாட்டியது. கன்னியர் மடத்துக்கு அனுப்பலாம் என்று ஒரு குரல் வந்தது. செசிலியின் அப்பா துண்டை உதறி உதறித் தோளில் போட்டார். பாவி என்றபோதாவது சண்டை போட வழி இருந்தது.

செசிலி கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். சிலுவை வைக்கிற பட்டுத்துணி அவள் கையில் இருந்தது. அதில் அணா அளவுக்கு ஒரு கறை. "பாய், இந்தத் துணியத் துவைக்கிறது நானு. இது எண்ணெய். தேங்கா எண்ணெய் இல்ல, விளக்கெண்ணெய் இல்ல. உங்க விரலும் மினுங்குது" என்றாள். பிறகு மெதுவாக, "நீங்க சொல்றீகளா, நான் சொல்லட்டா?" என்றாள்.

நான் விரலை வேட்டியில் துடைத்தேன். அவள் அதைப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குள் போய்ச் சட்டியை எடுத்து வந்து, வாசலிலேயே மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டினாள். பூந்திக்கொட்டையைத் தட்டிப் போட்டாள். உபதேசியார் கையிலிருந்த சிலுவையை வாங்கினாள். அவர் சுதாரிப்பதற்குள் அது கொதிக்கிற நுரைக்குள் போய்விட்டது. சாமியார் அந்தோணியாரைக் கூப்பிட்டார், நான் அல்லாஹ்வைக் கூப்பிட்டேன். சிரட்டையைப் போட்டு எரித்துக்கொண்டே அவள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள். எடுத்துக் காட்டியபோது கல்லில் நரைமுடி பழையபடி வந்திருந்தது.

கூட்டத்தில் ஒரு கிழவர் வருத்தமாக, "அரை நாள்ல கெட்டுப்போச்சே இந்தப் பிள்ள" என்றார்.

செசிலி என் பக்கம் கையை நீட்டினாள். வெறும் கை, உள்ளங்கை மேலே பார்த்து. அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். குப்பியை இடுப்பிலிருந்து எடுத்தேன். "எண்ணெய்" என்று உரக்கச் சொல்லி அவள் கையில் வைத்தேன். அதற்காக முதலாளி என்னைத் திரும்பவும் மூன்று மாதம் கடை பெருக்க வைத்தார், பெருக்கினேன்.

அவள் ஒரு சொட்டு விட்டு விரலால் தேய்த்தாள். மேலாக இருந்த கீறல்கள் எல்லோர் கண் முன்னாலும் மங்கி மறைந்தன. நுரையில் முக்கினாள், கீறல் வந்தது. எண்ணெய் விட்டாள், போனது. "இப்ப நான் பாவி. இப்பப் புனித. இப்பப் பாவி" என்று குழந்தைக்குக் கண்ணாமூச்சி காட்டுவது மாதிரிக் காட்டினாள். முதலில் சிரித்தது சாமியார்தான். சிரித்துவிட்டு எல்லோர் முன்னாலும், "அந்த ஐரோப்பாக் கதைய நான் பிரசங்கத்துல சொல்லியிருக்கக் கூடாது. தப்பு என்னுது. கல்லுக்கு மனுசரோட பாவம் தெரியாது" என்றார்.

பிரகாசியம்மாள் சிலுவையை வாங்கி முகர்ந்து பார்த்தாள். "அப்ப சாதாரணப் பொண்ணுதான். எம் மகனுக்கு அது போதும். ஓலையப் படிங்க சாமி" என்றாள்.

"எனக்குப் போதுமான்னு நான் இன்னும் சொல்லல, மாமி" என்றாள் செசிலி. "நாலு நாளா என்னைய ஊரே கேவலமாப் பேசுச்சு. உங்க மகன் எங்க இருந்தாரு?"

சந்தியாகு கடலில் இருந்தான். நாலு நாளாக, எல்லா ஆம்பளைகளையும் போல. ஆள் போய்ப் படகைத் திருப்பிக் கூட்டி வந்தார்கள். அவன் கரையில் இறங்கி, ஈர வேட்டியோடு, தலையைக் குனிந்து நின்றான். "உன்னயச் சந்தேகப்படல. என்ன பேசுறதுன்னு தெரியல" என்றான். அவள் என் பக்கம் திரும்பினாள். என்னிடம்தான் பேசினாள். "பாய், கல்லுக்கு உள்ள வர எண்ணெய் இறங்க எவ்வளவு நாளாகும்?"

"ரெண்டு நாளு."

"சூடு ஏறாம எறங்காம ஒரு ஆளு பக்கத்துலயே இருந்து பாக்கணும்ல?"

"பாக்கணும்."

"இவரு பாக்கட்டும்."

அப்படியாக, ஆறடி உயர வலைக்காரன் ஒருவன் சாமியார் வீட்டு அடுப்படியில் பித்தளைக் கிண்ணத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தான். நான் வேலை சொல்லிக் கொடுத்தேன். கல்லைப் பார்த்து "வாங்க" என்று சொல்லச் சொன்னேன், அதையும் சொன்னான். கங்கை ஊதினான், சாம்பலைத் தூவினான், நிமிஷத்துக்கு ஒரு தடவை விரலை விட்டுப் பார்த்தான். செசிலி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்குப் பயந்து வேறு யாரும் சோறு கொண்டு வரவில்லை. சாமியார் கொடுத்த ரொட்டியில் இரண்டு பேரும் காலம் தள்ளினோம்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் வந்தாள். நான் கிண்ணத்திலிருந்து சிலுவையை எடுத்துத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். கீறல் இருந்த தடமே இல்லை. அவள் கல்லைப் பார்க்கவே இல்லை. வெந்து சிவந்திருந்த அவன் விரலைப் பார்த்தாள்.

"சாப்ட்டீகளா?" என்று கேட்டாள்.

அவன் வாயைத் திறப்பதற்குள், பசி தாங்காமல், "இல்லம்மா" என்று நான் சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு தட்டு வந்தது. அவன் தட்டில் சீலாமீனின் நடுத்துண்டு. என் தட்டில் வால். நாளைக்கு ஓலை படிப்பார்கள் என்று எனக்கு அப்போதுதான் நிச்சயமானது, வாலை நிம்மதியாகச் சாப்பிட்டேன்.